பின் கொம்பில் கண்ணீர்: மூட்டு எம்.ஆர்.ஐ. அறிக்கைகள் குறித்து

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் 64 வயது அம்மா ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலை, பெரிய ஸ்கான் உறையொன்றைக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வலது முழங்கால் ஆறு மாதமாக நோகின்றது. கனடாவிலுள்ள மகன் “முதல்ல எம்.ஆர்.ஐ. எடுங்கோ அம்மா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்று பணம் அனுப்ப, தெரிந்த ஒருவர் மூலம் ஸ்கானுக்கான கோரிக்கைத் துண்டொன்று எழுதுவித்து, எந்த வைத்தியரும் அந்த முழங்காலைத் தொட்டுப் பார்க்கும் முன்னரே ஸ்கானை எடுத்து முடித்திருந்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. பேத்தி அதைக் கைபேசியில் இட்டுத் தமிழாக்கியதில் “பின் கொம்பில் கண்ணீர்” என்று வந்திருக்கின்றது. முழங்காலுக்குள் உள்ள சவ்வின் பின் முனையில் கிழிவு என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் கிழிவுக்கும் கண்ணீருக்கும் எழுத்து ஒன்றே என்பதால் நேர்ந்த பிழை அது. பிள்ளை அதைச் சொல்லிச் சிரித்தாள், அம்மா சிரிக்கவில்லை. “அண்ணை, உள்ளுக்கை சவ்வு கிழிஞ்சு போச்சாம். இனிக் குந்த ஏலாதாம், ஒப்பிறேசன்தானாம்” என்றார். ஒப்பிறேசன் என்று சொன்னது யார் என்று கேட்டேன். அறிக்கையைப் பார்த்த அயலவர்கள் சொன்னார்களாம்.

அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் நான். எலும்பு, மூட்டு வருத்தங்களைப் பார்க்கும் என்பியல் கிளினிக்கிலிருந்து எங்கள் பயிற்சி அறைக்கு அனுப்பப்படும் முழங்கால்களையும் தோள்களையும் இடுப்புகளையும் அவற்றோடு வரும் அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. படத்தை வாசிப்பது கதிரியக்கவியல் நிபுணரின் வேலை; சத்திரசிகிச்சை செய்வதா இல்லையா என்று தீர்மானிப்பது என்பியல் நிபுணரின் வேலை; இரண்டும் என்னுடையவை அல்ல. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையில் எம்மவர்கள் அகப்பட்டு அலைவதைப் பார்த்தவன் என்ற முறையில், மூட்டு நோவுக்கு எம்.ஆர்.ஐ. எப்போது, எந்த ஒழுங்கில், என்ன கேள்விக்காக எடுக்கப்பட வேண்டும் என்பது பற்றி உங்கள் பத்திரிகை வாயிலாகச் சில சொல்ல விரும்புகின்றேன்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் கதிர்வீச்சு இல்லை. அது ஒரு பெருங்காந்தம். பெரும்பாலான நிலையங்களில் காணப்படும் 1.5 ரெஸ்லா (காந்த வலிமையை அளக்கும் அலகு) இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியினதைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையானது. உடலிலுள்ள நீரினதும் கொழுப்பினதும் ஐதரசன் அணுக்கருக்கள் அந்தப் புலத்தில் ஒருமுகப்பட்டு, வானொலி அலை தட்டும்போது விலகி, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகையில் தரும் சைகைதான் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமான படமாக மாறுகின்றது. இதை விளக்குவதற்குக் காரணம் உண்டு. அந்தப் படம் நீர் எங்கே கூடியிருக்கின்றது, எங்கே குறைந்திருக்கின்றது என்பதைச் சொல்லும். நோ எங்கிருந்து வருகின்றது என்பதை எந்த ஸ்கானும் தானாகச் சொல்லாது.

முழங்காலில் தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவான இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. நாம் பேச்சில் சவ்வு என்று சொல்வது இவற்றைத்தான். ஆரோக்கியமான பிறை படத்தில் கறுப்பு முக்கோணமாகத் தெரியும். வயதாக ஆக அதன் நடுவில் சாம்பல் நிறம் பரவும். இதனை மூன்று தரமாகப் பிரிப்பார்கள்: நடுவில் புள்ளியாக நிற்பது முதலாவது, கோடாக நீண்டும் ஓரத்தைத் தொடாதது இரண்டாவது, கோடு மேற்பரப்பை வந்து தொடுவது மூன்றாவது. இவற்றில் மூன்றாவதுதான் கிழிவு. அதுவும் மூட்டை அடுக்கடுக்காக எடுத்த படங்களில் ஒரு துண்டுப் படத்தில் மட்டும் தொட்டிருந்தால் போதாது, இரண்டு துண்டுகளிலாவது தொட்டிருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்பது வாசிப்பவர்கள் கைக்கொள்ளும் விதி. தோளிலோ வேறொரு சிக்கல். தசைநார் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்து கிடக்கும் இடத்தில், சிலவகைப் படங்களில், பழுது எதுவும் இல்லாமலேயே வெளிச்சமாகத் தெரியும். அதை நார்ப் பழுது என்று எழுதிவிடாமல் இன்னொரு வகைப் படத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பழகிய கண் வேண்டும். அறிக்கையில் ஒரு வரியாக நிற்கும் சொல்லுக்குப் பின்னால் இத்தனை தீர்மானங்கள் இருக்கின்றன.

அந்தத் தீர்மானங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், உண்மையிலேயே கிழிவு இருந்தாலும், நோவுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையான 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஐம்பதுகளிலுள்ள பெண்களில் 19 சதவீதமானோருக்கும், 70 வயதைக் கடந்த ஆண்களில் 56 சதவீதமானோருக்கும் பிறையில் கிழிவோ சிதைவோ இருந்தது. கிழிவு இருந்தவர்களில் 61 சதவீதமானோருக்கு முந்திய ஒரு மாதத்தில் அந்த முழங்காலில் நோவோ இறுக்கமோ இருக்கவில்லை. அதே நகரில், எக்ஸ்-றேயில் தேய்வு தெரியாத 710 பேரைப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் 89 சதவீதமானோருக்கு ஏதோ ஒரு மாற்றமாவது எம்.ஆர்.ஐ.யில் காணப்பட்டது. நோவு உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் இந்த மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. எங்கள் ஊர்ப் பழைய கிணற்றுக் கட்டுகளில் கயிறு உரசி உரசி விழுந்த தடங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தடத்தைப் படமெடுத்துக் காட்டி, கிணறு வற்றிவிட்டது என்று ஒருவர் சொன்னால் நாம் நம்புவோமா?

கிழிவு என்ற சொல்லைக் கண்டதும் தைக்க வேண்டும், வெட்ட வேண்டும் என்று மனம் ஓடுவது இயல்பு. அதனையும் சோதித்திருக்கின்றார்கள். தேய்ந்த முழங்கால் உள்ள 180 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனையில், சிலருக்குச் சிறு துளை வழியாகக் கமராக் குழாயை விட்டுச் செய்யும் உள்நோக்கிச் சத்திரசிகிச்சையும் சிலருக்குத் தோலில் கீறல் மட்டுமே இட்ட பாசாங்குச் சிகிச்சையும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தும் முன்னையவர்கள் மேலான நிலையில் இருக்கவில்லை என்று 2002இல் எழுதினார்கள். பின்லாந்தில், தேய்வு நோய் இல்லாமல் பிறைக் கிழிவு மட்டும் வயதோடு வந்த 146 பேரை இதே முறையில் சோதித்து 2013இல் வெளியிட்டபோதும் ஓராண்டின் பின்னர் வித்தியாசம் தெரியவில்லை. 2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை, தேய்வினால் வரும் முழங்கால் நோவுக்கு உள்நோக்கிச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று வன்மையாகவே சொல்கின்றது. ஆகவே அந்த அம்மாவின் வயதில் “கிழிவு” என்று எழுதப்பட்டிருப்பது சத்திரசிகிச்சைக்கான சீட்டு அல்ல.

அவருடைய உறையில் இல்லாதது ஒன்று உண்டு: நின்றபடி எடுத்த எக்ஸ்-றே. எம்.ஆர்.ஐ. படுத்திருக்கும் முழங்காலைத்தான் பார்க்கின்றது. அந்த முழங்காலுக்கு நோ வருவதோ நிற்கும்போதும் படி இறங்கும்போதும் குந்தி எழும்பும்போதும். உடற்பாரம் தாங்கி நிற்கையில் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு ஒடுங்குகின்றது, கால் எப்பக்கம் வளைகின்றது என்பவற்றை மிகக் குறைந்த செலவில் காட்டுவது அந்தச் சாதாரணப் படம். இன்னும் சொல்லப்போனால், பிரித்தானியாவின் தேசிய சுகாதார வழிகாட்டல் 2022இல் கூறியதன்படி, 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு நடமாட்டத்தோடு நோ வந்து, காலையில் எழும்போது மூட்டு இறுக்கம் இல்லாமலோ அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், மூட்டுத் தேய்வு என்று முடிவுகட்ட வழக்கமாக எந்தப் படமும் தேவையில்லை. பயிற்சியும், தேவையானவர்களுக்கு நிறை குறைப்பும்தான் முதற் சிகிச்சை. நான் அவரைக் கூட்டிச்சென்ற என்பியல் நிபுணர் உறையை மேசையில் வைத்துவிட்டு, முதலில் நடக்கச் சொன்னார். பிறகு கட்டிலில் படுக்கவைத்து மூட்டு இடுக்கை விரலால் அழுத்தி, காலை மடக்கித் திருப்பிப் பார்த்தார். இடுப்பையும் ஆட்டிப் பார்த்தார். அதன் பின்னர்தான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மொத்தமாக ஏழெட்டு நிமிடங்கள் எடுத்திருக்கும்.

இடுப்பை ஆட்டிப் பார்த்தார் என்று எழுதியது வெறும் விவரணைக்காக அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்னர் சத்திரசிகிச்சைக்குப் பின்னான பயிற்சிக்கென்று ஒருவர் என்னிடம் அனுப்பப்பட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோட்டக்காரர். முழங்கால் நோவுக்காக ஓரிடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, பிறைக் கிழிவு என்று அறிக்கை வந்து, உள்நோக்கி மூலம் அதைச் சீவியும் விட்டிருந்தார்கள். ஆறு வாரம் கழிந்தும் நோ அப்படியே இருந்தது. நான் அவருடைய தொடையை மடக்கி உட்பக்கம் திருப்பியபோது மனிதர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கையை வைத்துக் காட்டியது முழங்காலைத்தான். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகள் பொதுவானவை என்பதால், இடுப்பின் வருத்தம் முழங்காலில் பேசுவது பழைய பாடம். திருப்பி அனுப்பினேன். இடுப்பின் எக்ஸ்-றே ஒன்றே போதுமாக இருந்தது. மூட்டு முற்றாகத் தேய்ந்திருந்தது. முழங்கால் எம்.ஆர்.ஐ. பொய் சொல்லவில்லை, கிழிவு உண்மையிலேயே இருந்தது. யாரும் இடுப்பைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே நானும் இடுப்பைச் சோதிக்காமல் தொடைத் தசைப் பயிற்சியைத் தொடங்கியிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் கையும் அறிக்கையைத்தான் நம்பியது.

இதை வாசிப்பவர்கள் எம்.ஆர்.ஐ. வேண்டாத செலவு என்று எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணியதால் காலம் கடந்து வந்தவர்களையும் கண்டிருக்கின்றேன். உதைபந்தாட்டத்தில் திடீரென்று திரும்பும்போது முழங்காலுக்குள் “டொக்” என்ற ஓசை கேட்டு, சில மணித்தியாலங்களுக்குள் மூட்டு வீங்கி, பிறகு நடக்கும்போது கால் நழுவுகின்றது என்று சொல்லும் இளைஞனுக்கு, முழங்காலுக்குள் இரு எலும்புகளையும் இணைக்கும் முன் சிலுவை நார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே எம்.ஆர்.ஐ. அறுந்த நாரைக் காட்டுவதோடு, தொடை எலும்பின் வெளிப்புறத்திலும் கணைக்கால் எலும்பின் பின் வெளிப்புறத்திலும் ஒன்றோடொன்று மோதிய கன்றலையும் காட்டும். எக்ஸ்-றேயில் தெரியாத அந்தக் கன்றலின் இடத்தைப் பார்த்தே கால் எவ்வாறு முறுகியது என்று சொல்லிவிடுவார்கள். வாளிக் கைப்பிடிபோலக் கிழிந்த பிறை மூட்டுக்குள் புரண்டு, கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் தாமதிக்கக் கூடாது. இளம் வயதில் அதை வெட்டாமல் தைத்துக் காப்பாற்ற முடியும். தடுக்கி விழுந்த முதியவருக்கு எக்ஸ்-றே சரியாக இருந்தும் கால் ஊன்ற முடியாவிட்டால், மறைந்திருக்கும் இடுப்பு முறிவை எம்.ஆர்.ஐ. காட்டும். நீண்டகாலம் ஸ்ரீரோயிட் மருந்து எடுப்பவர்களுக்கும் அதிகம் மது அருந்துபவர்களுக்கும் தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அந்தத் தலை மெல்லச் சாகும் நோய் வருவதுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்-றே முற்றிலும் சரியாகவே இருக்கும். தலை நொறுங்கி விழும் முன்னர் அதைக் கண்டுபிடிப்பது எம்.ஆர்.ஐ.தான். காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்கினால் ஸ்கானுக்கு நாள் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே ஊசியால் நீர் எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இந்த வேறுபாடுகளைக் கதிரியக்கவியல் நிபுணர் எப்படி அறிவார்? அவரிடம் போவது நோயாளி அல்ல, படமும் ஒரு துண்டும்தான். அந்த அம்மாவின் துண்டில் “வலது முழங்கால் நோ” என்ற மூன்று சொற்களின் ஆங்கிலம் மட்டும் இருந்தது. வயது என்ன, என்ன வேலை செய்பவர், விழுந்தாரா, எப்போது விழுந்தார், நோ உட்புறமா வெளிப்புறமா, மூட்டு பூட்டுகின்றதா நழுவுகின்றதா, முன்னர் சத்திரசிகிச்சை செய்ததுண்டா என்ற விவரங்கள் எதுவும் இல்லை. கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் ஒருமுறை தைத்த அல்லது சீவிய பிறை ஆறிய பின்னரும் படத்தில் கிழிவுபோலவே தெரியக்கூடும். கேள்வி இல்லாமல் போன துண்டுக்கு, கண்ணில் பட்டதெல்லாம் எழுதப்பட்ட அறிக்கை வருவதில் வியப்பில்லை. நிபுணர் ஒன்றை எழுதாமல் விட்டுப் பின்னர் குற்றம் சுமப்பதைவிட ஒன்பதையும் எழுதிவிடுவதையே விரும்புவார். துண்டு எழுதும் வைத்தியர்களிடம் நான் பணிவாகக் கேட்பது இதுதான்: தொட்டுப் பார்த்து, சந்தேகத்தை ஒரு கேள்வியாக எழுதுங்கள். “முன் சிலுவை நார் அறுந்துள்ளதா?” என்ற கேள்விக்குப் பதில் வரும், “முழங்கால் நோ” என்பதற்குப் பட்டியல்தான் வரும்.

எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு உரிய ஒரு விடயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. யுத்த காலத்தில் செல்லடியிலும் குண்டுவீச்சிலும் காயப்பட்டு, சன்னங்கள் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டவர்கள் இங்கே ஏராளம். காயம் ஆறிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டதால் பலர் அதை நினைப்பதே இல்லை. ஸ்கான் அறைக்கு முன்னால் “உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கின்றதா?” என்று கேட்டால், சங்கிலியையும் காப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்று விடுவார்கள். அத்தனை வலிய காந்தத்தில் இரும்புத் துண்டு அசையவோ சூடேறவோ கூடும். கண்ணுக்குள் இருக்கும் சிறு துண்டு பார்வையையே பறித்துவிடலாம். தசைக்குள் நெடுங்காலம் தழும்பேறிக் கிடப்பது பெரும்பாலும் ஆபத்தில்லை என்றாலும், அதைச் சுற்றிப் படம் கெட்டு அந்த மூட்டின் அறிக்கையே பயனற்றுப் போகலாம். ஆகவே பொதுவாக இரும்பு என்று கேட்காமல், “செல் பட்டதா, சன்னம் இருக்கின்றதா, எங்கே?” என்று எங்கள் மொழியில், எங்கள் வரலாற்றைத் தெரிந்து கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்-றே எடுத்துப் பார்க்க முடியும். இதயத்துடிப்புக் கருவி, காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி முதலியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சையில் பொருத்திய தகடுகளும் ஆணிகளும் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஆனால் அவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி மொழிக்கு வருகின்றேன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் இருந்துகொண்டு, அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். சத்திரசிகிச்சை நூல் உட்படப் பலவற்றைத் தமிழில் ஆக்குவித்தார். அதே மண்ணில் இன்று ஒரு பாட்டி தன் முழங்காலின் செய்தியைக் “கண்ணீர்” என்று வாசிக்க நேர்வது எனக்கு வெட்கமாக இருக்கின்றது. அறிக்கை முழுவதையும் தமிழில் எழுதக் கேட்கவில்லை. வைத்தியர்களிடையே அது ஆங்கிலத்தில் இருப்பதில் நியாயம் உண்டு. அதன் கீழே அரைப் பக்கம் தமிழில் இருந்தால் போதும். அதிலும் வயதோடு இயல்பாக வரும் மாற்றங்கள் எவை, வைத்தியர் கவனிக்க வேண்டியது எது என்று பிரித்துச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். சொற்களில் கவனம் வேண்டும். “சீரழிவு” என்று அகராதி சொல்வதை நோயாளிக்குச் சொல்லக் கூடாது, “வயதுத் தேய்வு” என்றால் விளங்கும். “நீர்க்கசிவு” என்பதைவிட “மூட்டில் சற்று நீர் கூடியிருக்கின்றது” என்பது மேல். கிழிவைக் கிழிவு என்றே சொல்லலாம், அது புதியதா பழையதா என்பதையும் சேர்த்து.

அந்த அம்மாவுக்கு இப்போது நாளுக்கு இரண்டு தரம், கதிரையில் இருந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சி நடக்கின்றது. குந்துவதைக் குறைப்பதற்காகத் தோட்டத்தில் ஒரு சிறு பலகையில் இருந்து வெங்காயம் புடுங்குகின்றார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் போகலாமா என்று நிபுணரிடம் கேட்டதற்கு, போகலாம், ஆனால் இடையில் இருந்து இருந்து போங்கள் என்றாராம். நோ முற்றாகப் போகவில்லை. பாதியாகக் குறைந்திருக்கின்றது என்கின்றார்.

யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 முதல் இங்கே இயங்குகின்றது. அதன் ஆசிரியர்களும் கதிரியக்கவியல், என்பியல் நிபுணர்களும் ஓரிரு மாலைகள் கூடியிருந்தால், மூட்டு எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் நாற்பது ஐம்பது சொற்களுக்குப் பொருத்தமான தமிழை முடிவுசெய்து எல்லா நிலையங்களுக்கும் கொடுத்துவிடலாம். முதற் பட்டியலை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கின்றேன். என் கையெழுத்தை வாசிக்கக்கூடிய ஒருவரை மட்டும் அவர்கள் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்மருத்துவர் ஒருவர்,
கோண்டாவில்.